‘யாரங்கே?’ பாட்டுக்கு வந்த பதில்

மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு நோய் உண்டு. பதில் வேண்டாத கேள்விகளைக் கேட்பது. “நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?” என்று முழங்குவோம், அவையில் ஒருவர் எழுந்து போகுமிடத்தைச் சொல்லிவிட்டால் திகைத்துப் போவோம். கேள்வி எங்களுக்குக் கைத்தடி மாதிரி. ஊன்றி நின்று மூச்சு வாங்கிக்கொள்வதற்கானது. அந்த நோய் எனக்கு முற்றியிருந்த காலத்தில், ஆரணியில், பட்டப்பகலில், ஒரு தெருவே கூடியிருக்க, நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வந்தது. வரக்கூடாத இடத்திலிருந்து வந்தது. அந்தப் பதிலையும், அதற்குக் காரணமான எங்கள் பங்க் ராக் குழுவின் முதல் பாட்டையும், அதற்குப்பின் நான் ஓடிய ஓட்டத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். (ஓட்டத்தைப் பற்றி ஊரே சொல்லி முடித்துவிட்டது. என் தரப்பு மட்டும்தான் பாக்கி.)

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பேச்சுப்போட்டியில் வாங்கிய கோப்பைகள் பீரோவின் மேல் இடம் போதாமல் சமையலறை வரை இறங்கியிருந்தன. ஒன்றில் அம்மா கடுகு போட்டு வைத்திருந்தார். நானோ வீட்டிலும் மேடைத் தமிழிலேயே பேசுவேன். “அம்மா, சட்னியின் இன்மை இந்த இட்லியின் மாண்பைக் குலைக்கிறது” என்று நான் ஒரு நாள் சொன்னதாக அம்மா இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நான் மறுக்கிறேன். ‘மாண்பு’ போன்ற சொல்லை நான் இட்லிக்குச் செலவழித்திருக்க மாட்டேன்.

அந்த ஆண்டு ஒரு போட்டியில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு இருவர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவன் பாஸ்கர்; பஸ் ஸ்டாண்டு அருகே மொபைல் ரிப்பேர் கடை, கையில் ஒரு பழைய கிடார். மற்றவன் கோபி, எங்கள் தெருவிலேயே பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை, கையில் எது கிடைத்தாலும் தாளம்.

“உனக்குப் பாட வராதுல்ல?” என்றான் பாஸ்கர்.

“வராது.”

“கோவம் வருமா?”

“அறச்சீற்றம் வரும்.”

“அது இன்னாவோ ஒண்ணு, அதான் வேணும். பங்க்குக்குப் பாட வேணாம் எஸ்தரு. கத்தினா போதும்.”

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன் என்பதிலிருந்தே என் அன்றைய தலைக்கனத்தை அளந்துகொள்ளலாம்.

குழுவுக்குப் பெயர் வைத்தவளும் நான்தான். ‘அறுந்த பாவு’. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். அது அறுவதென்பது நெசவுத் தெருவில் வாயால்கூடச் சொல்ல விரும்பாத சங்கதி. கோபியின் அப்பா பெயரைக் கேட்டுவிட்டுச் சோற்றில் கையை வைத்தபடியே நின்றுபோனார். “சொல்லக்கூடாத வார்த்தைய பேரா வெச்சிகினு வந்து நிக்கறியே, உருப்படுமா இது?” என்றார். எதிர்ப்பு கிளம்பிவிட்டதில் நாங்கள் பூரித்துப் போனோம்.

முதல் பாட்டின் பெயர் ‘யாரங்கே?’ நாடக மேடையில் அரசர்கள் சேவகரைக் கூப்பிட முழங்கும் சொல். அதையே மக்கள் அரியணையை நோக்கித் திருப்பிக் கேட்கிறார்கள் என்பது என் கற்பனை. பாட்டு என் தனிக்குரலில் தொடங்கும்: “யாரங்கே?” அதற்குக் கோபியின் தாளம் பதில் சொல்லும். “அரியணையில் யாரங்கே?” தாளம். “அடைத்த கதவின் பின்னால் யாரங்கே?” தாளம். அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு நான் எனக்கே கைதட்டிக்கொண்டேன். பின்னால் அந்த வரியே என்னை ஓடவைக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

பயிற்சிக்கு இடம் கொடுத்தவர் எதிர்வீட்டுச் சரோஜாக்கா. அவருடைய கணவர் ஏகாம்பரம் அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோனார். தறியில் உட்கார்ந்தபடியே போன உயிர். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போன சரோஜாக்கா, அவர் சற்றே சாய்ந்து தூங்குகிறார் என்று நினைத்துப் பத்து நிமிடம் எழுப்பாமல் காத்திருந்தாராம். பாதி நெய்த சேலையைப் பாவோடு அறுத்து, நூல் கொடுத்த முதலாளி எடுத்துப் போய்விட்டார். நூல் ஒரு இழைகூட இல்லாத வெறும் தறி மட்டும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நின்றது. “பூட்டியே கெடந்தா எலிதான் குடித்தனம் பண்ணும். நீங்க போயி கத்துங்க” என்று அக்கா சாவியைக் கொடுத்தார். சுற்றிலும் தறிகள் ஓடும் ஓசையில் எங்கள் கூச்சல் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை.

ஆனால் பதிவு செய்வதென்றால் வெளியே அமைதி வேண்டும். எங்கள் தெருவில் அந்த அமைதி மாதத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். அமாவாசையன்று எந்த வீட்டிலும் தறியில் உட்காரமாட்டார்கள். ஆகவே ஓர் அமாவாசை மத்தியானம் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவைத் தொடங்கினோம். அன்று அந்தத் தெரு எவ்வளவு அமைதியாக இருந்தது என்றால், எனக்கு என் இமை மூடித் திறக்கும் சத்தம் கேட்டது. (சரி, கேட்கவில்லை. பேச்சாளருக்கு இவ்வளவு உரிமை உண்டு.)

மூன்றாவது முறை பாடும்போது அது நடந்தது. நான் “அடைத்த கதவின் பின்னால் யாரங்கே?” என்று கத்தினேன். தாளம் வந்தது. ஆனால் வழக்கமான தாளம் இல்லை. ‘தடக்’ என்று ஒன்று, பிறகு கால் தடுக்கினாற்போல ஓர் இடைவெளி, பிறகு ‘தட-தடக்’. காதில் ஹெட்போனோடு இருந்த பாஸ்கர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். “சூப்பர்டா கோபி! நொண்டி நொண்டி வருது பாரு, இதான் வேணும். இதையே வெச்சிக்கோ.”

கோபி தரையில் குனிந்திருந்தான். வியர்வையில் கை வழுக்கி அவன் குச்சிகள் இரண்டும் கீழே விழுந்திருந்தன.

“டேய், நான் அடிக்கலடா.”

அந்த வெறும் தறியை நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். பார்த்ததை மறைக்க ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினோம்.

“எதிரொலி” என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

“எதிரொலின்னா நீ கத்தினதுதான திரும்பி வரணும்?” என்றான் கோபி.

“விவாதத்துக்கான நேரம் முடிந்தது” என்றேன். தோற்கப்போகும் தறுவாயில் நடுவராகவும் மாறிவிடுவது எனக்கு வழக்கம். அந்தப் பதிவையே பாட்டாக்கினோம். மீதி இடங்களிலும் கோபி அந்த நொண்டித் தாளத்தையே அடித்தான். பழகிக்கொள்ள வேண்டியே இருக்கவில்லை. “கை தானா அங்கதான் போவுது” என்று மட்டும் சொன்னான்.

பாட்டை வெளியிட அடுத்த அமாவாசையைத் தேர்ந்தெடுத்தோம். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், தெரு அமைதியாக இருக்கும் என்பது என் திட்டம். மைக் செட் வந்தது. காலை பத்து மணிக்கு நான் தலைமையுரை, வரவேற்புரை, நோக்கவுரை ஆகியவற்றை ஒருத்தியாகவே நிகழ்த்தி முடித்தேன். முதல் வரிசையில் இருந்தவர்கள் பொறுமையின் எல்லையில் இருந்தபோது, பாஸ்கர் என்னைக் கேட்காமலே பாட்டைப் போட்டுவிட்டான்.

“யாரங்கே?” என்று என் குரல் தெருவில் ஓடியது. இரண்டு நாய்கள் எழுந்தன. ஒருவர் சிரித்தார். பிறகு தாளம் வந்தது.

சிரித்தவர் நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நடுவில் விட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒருவர் வந்து நின்றார். நான் புரட்சி தொடங்கிவிட்டதென்றே நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், ஒருவர்கூட ஒலிபெருக்கியையோ என்னையோ பார்க்கவில்லை. எல்லாரும் பூட்டியிருந்த கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரோஜாக்கா மாவுக் கையோடு வெளியே வந்தார். கொட்டகைப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்து மிக மெதுவாகக் கேட்டார்: “அவரு தறிய யாரு ஓட்டிகினு கீறது?”

எங்கள் தெருவில் குருடர்கூட எந்த வீட்டுக்கு முன்னால் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார். ஒவ்வொருவர் தறிக்கும் ஒரு நடை உண்டு. ஏகாம்பரத்துக்கு இடது முழங்காலில் பழைய அடி. மிதியை இடதுகாலால் அழுத்தும்போது ஓர் இமைப்பொழுது தாமதம் விழும். தடக்… தட-தடக். கோபியின் அப்பா மகனைக் கூட்டத்தில் தேடிப் பிடித்துத் தோளை உலுக்கினார்.

“ஏகாம்பரம் தறிடா அது! எங்கடா புடிச்சீங்க?”

கோபி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். அவனுடைய படுக்கை இருபது ஆண்டுகளாகக் கொட்டகைச் சுவருக்கு மறுபுறம். அந்த ஓசையைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறான் என்று பிறகு காரணம் கற்பித்துக்கொண்டோம். கீழே விழுந்த குச்சிகளைப் பற்றி மூவருமே பேசவில்லை.

பாட்டு பரவியது, நாங்கள் விரும்பிய விதத்தில் பரவவில்லை. யாரோ என் குரலை வெட்டிவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்து, ‘அமாவாசையில் தானே ஓடும் ஆரணித் தறி’ என்று வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது போளூர், தேவிகாபுரம் என்று சுற்றிவிட்டு எங்கள் அத்தை வழியாக எங்களுக்கே திரும்பி வந்தது. முழுப் பாட்டைக் கேட்ட சிலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கீழே எழுதியிருந்தார்: ‘தறி ஓட்டற பேயக்கூட பொறுத்துக்கலாம். நடுவுல கத்தற பேயத்தான் தாங்க முடியல.’ என் கலைவாழ்வில் எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது.

ஒரு வாரம் கழித்துச் சரோஜாக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“எஸ்தரு, தேவிகாபுரத்துலேர்ந்து ஒரு புருசன் பொண்டாட்டி தறிக்கு வரேன்னு சொல்லி இருந்தாங்க. கொட்டாயும் தறியும் அவங்க எடுத்துக்குவாங்க, நானும் கூடமாட இருந்துகினு இங்கியே காலத்த ஓட்டிடலாம்னு இருந்தேன். இப்ப அந்தப் பொண்ணு போனு போட்டு, ‘அக்கா, இன்னாமோ சொல்றாங்களே’ன்னு கேக்குது. நிறைஞ்ச அமாவாசைக்கு வந்து பாத்துட்டுச் சொல்றேன்னுது. அவங்க வரலன்னா நான் போளூருக்கு அண்ணன் வூட்டுக்குத்தான் போவணும். அங்க போயி ஒரு மூலைல ஒக்காரணும். இத்தன வருசம் இருந்த தெருவ உட்டுட்டு.” சற்று நிறுத்தினார். “நீதான பேசுவ. கோப்பையெல்லாம் வாங்கினியே. பேசி நிறுத்து இத.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் திறமையை நம்பினார், அதுதான் வினையாயிற்று. “அக்கா, அந்த மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறித்துக் காட்டுகிறேன்” என்றேன். “எதையாவது முறி. அவங்க வந்தா போதும்” என்றார் அவர்.

மூன்று வாரம் தயாரித்தேன். அமாவாசையும் வந்தது. மத்தியானம் மூன்று மணி. அதே மைக் செட்காரர். இந்த முறை கம்பியில்லாத கார்ட்லெஸ் மைக் கொடுத்தார். பூட்டிய கொட்டகைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றேன். தெரு நிறைந்திருந்தது. தேவிகாபுரத்துத் தம்பதியர் மல்லிகாவும் வேலுவும் பையைக் கீழே வைக்காமல் ஓரமாக நின்றார்கள். வைக்கலாமா கூடாதா என்பதை என் பேச்சு முடிவு செய்யும்.

“அவையோரே! அச்சம் என்பது அறியாமையின் நிழல்!” என்று தொடங்கினேன். ஓசை என்றால் என்ன, செவி எப்படி ஏமாறும், இறந்தவருக்கு ஏன் மிதிக்கக் கால் கிடையாது என்று ஒவ்வொன்றாக நிறுவினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது என் நோய் தலைதூக்கியது.

“கேட்கிறேன்! இந்தப் பூட்டிய கொட்டகையிலிருந்து தறியோசையைத் தம் சொந்தக் காதால் கேட்டவர் இந்த அவையில் ஒருவரேனும் உண்டா? இருந்தால் கையை உயர்த்தட்டும்!”

எல்லாரும் உயர்த்தினார்கள். என் அம்மாவும் உயர்த்தினார்.

“அம்மா, நீங்களுமா?”

“கேட்டுச்சேடி. போன மாசமே சொல்லலாம்னு இருந்தேன், நீ பேச உட்டாத்தான?”

கூட்டம் சலசலத்தது. வேலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். சரோஜாக்கா என்னையே பார்த்தார். தோல்வி முகத்துக்கு நேரே வந்தபோது பேச்சாளர்கள் செய்யும் கடைசிக் காரியத்தைச் செய்தேன். உச்சத்துக்குப் போனேன். மூடிய கதவை நோக்கித் திரும்பினேன். தொடையில் ஓங்கி அறைந்தேன்.

“இந்தக் கதவிடமே கேட்கிறேன்! யாரங்கே? இருந்தால் இப்போதே, இங்கேயே, பதில் சொல்!”

இத்தகைய இடத்தில் மனத்துக்குள் மூன்று வரை எண்ண வேண்டும் என்பது பேச்சுக்கலையின் விதி. அமைதி வாதத்தை முடித்துவைக்கும். ஒன்று. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. இரண்டு. கதவிடுக்கிலிருந்து, வெயிலை மீறி, குளிர்ந்த மரவாசம் ஒன்று முகத்தில் பட்டது. மூன்று.

தடக்… தட-தடக்.

உள்ளேயிருந்து. பூட்டிய கதவுக்கு ஒரு முழத்தூரத்தில்.

அதன்பிறகு நடந்ததை நான் நினைவிலிருந்து சொல்லமுடியாது. ஊர் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். நான் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லையாம். ஸ்டூல் என்னிடமிருந்து தப்பித்ததாம். செருப்பை விட்டேன், மைக்கை விடவில்லை. அதுதான் கேடு. தெருமுனையைத் தாண்டும் வரை என் ஓட்டம் ஒலிபெருக்கியில் நேரடி ஒலிபரப்பானது. “ஐயோ அம்மா! இயேசுவே! நான் சும்மாதான் கேட்டேன்! பதில் வேணாம்! வேணாம்ங்க! மன்னிச்சிடுங்க மாமா!” எழுத்துத் தமிழ் ஒரு சொல் இல்லை. மேடையேறிய நாள் முதல் என் வாயில் வராத தெருத் தமிழ் அந்த ஒரு நிமிடத்தில் முழுதாக வந்துவிட்டது. இடையிடையே மூச்சிரைப்பு. மைக் செட்காரர் எக்கோ வேறு வைத்திருந்தார்.

எதிரில் நின்ற பஸ்ஸில் ஏறினேன்.

“எங்கம்மா போவணும்?” என்றார் கண்டக்டர்.

“இங்கேயிருந்து போகணும்.”

அவர் மைக்கைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார். “பஸ்ஸு போளூர் போவுது. ஓரமா ஒக்காரு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றார். பாதி வழியில் கோபி பைக்கில் துரத்திவந்து பஸ்ஸை நிறுத்தினான். என்மேல் அக்கறை என்று நெகிழ்ந்தேன். “மைக்க குடு. மைக் செட்காரரு பேஜார் பண்றாரு” என்றான்.

திரும்பிப் போகும் வழியில்தான் மீதிக் கதையைச் சொன்னான். நான் ஓடியதும் முதலில் தெரு உறைந்து நின்றதாம். பிறகு ஒலிபெருக்கியில் “மன்னிச்சிடுங்க மாமா” வந்தபோது மல்லிகாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்ததாம். அவர் சிரித்ததும் தெருவே சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்போடு அவரே சரோஜாக்காவிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். தறிப்பலகைமேல் பாஸ்கரின் ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தது. பயிற்சிக் காலத்தில் எங்கள் போன்களோடு இணைத்துப் பாட்டுக் கேட்டுவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வந்தது. மல்லிகா அதை வெளியே கொண்டுவந்து தூக்கிக் காட்டினார். “இந்தாங்க உங்க பேயி. அந்தப் பொண்ணு தொடையில அடிச்சிகிச்சே, பாக்கெட்ல இருந்த போனு பாடிடுச்சு, அவ்ளோதான்” என்றார். வேலு பையை இறக்கி வைத்தான். சரோஜாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

ஆக, என் பேச்சு செய்யாததை என் ஓட்டம் செய்தது. அன்றிலிருந்து அந்தக் கொட்டகை என்றால் ஊருக்குப் பேய் நினைவுக்கு வருவதில்லை, நான்தான் வருகிறேன். ‘அறுந்த பாவு’ அதோடு கலைந்தது. வீட்டில் நான் எதற்காவது குரலை உயர்த்தினால் அம்மா கடிகாரத்தைப் பார்த்து, “போளூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு, எஸ்தருக்குச் செருப்ப எடுத்து வைங்க” என்பார். என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலும் சொன்னார்.

நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் இதுவரை யாரிடமும் எடுத்து வைக்காத மறுப்புரை ஒன்று என்னிடம் இருந்தது. எங்கள் பாட்டு என் குரலில் தொடங்குகிறது. போன் பாடியிருந்தால் உள்ளேயிருந்து முதலில் “யாரங்கே?” என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? கேள்வி கேட்கவில்லை. பதில் மட்டும்தான் வந்தது. பாஸ்கரும் ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னான்: அந்த ஸ்பீக்கரில் ஒரு மாதமாகச் சார்ஜே இல்லை. வாழ்நாளில் முதல் முறையாக, வெல்லக்கூடிய வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். சரோஜாக்காவின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டுமென்று தோன்றியது. போன வாரம் கொட்டகைக்குப் போய், மல்லிகாக்காவிடம் தயங்கித் தயங்கி என் மறுப்புரையை முழுதும் சொன்னேன். அவர் நெய்வதை நிறுத்தவில்லை.

“உங்க பாட்ட நான் ஊர்லியே நாலு தபா கேட்டவ எஸ்தரு. உன் சத்தத்துலதான் ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிந்துமா வந்தீர்கள்?”

“எங்களுக்கும் பொழப்பு வேணும்ல. நல்ல தறி. நல்ல மனுசன் கை பட்டது.” ஊடை நூல் ஓட்டும் நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விட்டார். “மாசம் பூரா நான் நெய்யறேன். ஒரு நாளு அவரு நெய்யறாரு. அதுல எனக்கு இன்னா கஷ்டம்? நீ தாராளமா எழுது. ஆனா அமாவாசையன்னிக்கு மட்டும் இங்க வந்து படிச்சுக் காட்டாத. அவரு வேலையா இருப்பாரு.”